அவசரப் பாஸ்போர்ட்டும் ஒன்று நாற்பது பஸ்ஸும்

பஸ் ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் 'நிமிஷம்'. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். நேரே 'டைம் கீப்பர் சார்'தான். கூண்டு மாதிரி ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது போனது என்று ஏட்டில் எழுதி, விசில் அடித்து அனுப்பி வைப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அவர் கையால் ஒரு பஸ்கூட ஒரு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியதில்லை. ஆள் ஓடி வந்துகொண்டிருப்பார், கை கம்பியைத் தொடப் போகும், விசில் கேட்கும், அவ்வளவுதான். "ஒருத்தருக்காக நாற்பது பேர் காத்துக்கிட்டு இருக்கணுமா?" என்பார். அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் பஸ்ஸைத் தவறவிட்டவர்களுக்கு அத்தனை ஆத்திரம் வரும். போன மாதம் தன் மனைவியின் தம்பியையே நடு வெயிலில் நிற்க வைத்துவிட்டு பஸ்ஸை அனுப்பினார் மனிதர். மைத்துனன் இரண்டு வாரம் வீட்டுப் பக்கம் தலை காட்டவில்லை.

இப்படிப்பட்டவரைத்தான் பாஸ்போர்ட் விஷயம் பிடித்து ஆட்டி வைத்தது. கேளுங்கள்.

அவருடைய ஒரே மகள் கடல் தாண்டி வேறு நாட்டில் இருந்தாள். மாப்பிள்ளை கப்பலில் என்ஜினியர். நினைத்த மாத்திரத்தில் இறங்கி வர அது டவுன் பஸ்ஸா என்ன? மகளுக்கு இது முதல் பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். "தைரியமாத்தாம்மா இருக்கேன்" என்று போனில் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே விசும்பினாள். "ஆபரேஷன் ரூமுக்குள்ள கூட ஒருத்தர் இருக்கலாமாம். எல்லாருக்கும் யாராவது இருக்காங்க. எனக்குத்தான் அந்த ஒருத்தர் இல்ல."

"ஏன் இல்ல? நான் செத்தா போயிட்டேன்?" என்றாள் அம்மா. அன்றைக்கே பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாள்.

டிக்கெட் போடுகிறவர் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்த நாட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டாம், இறங்கின இடத்திலேயே முத்திரை குத்திவிடுவார்கள். ஆனால் பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் நாலு மாதம்தான் பாக்கி.

"நாலு மாசம் இருக்கே! அவ ஒன்றரை மாசத்துல திரும்பிடுவா" என்றார் நிமிஷம்.

"ஆறு மாசமாவது பாக்கி இருக்கணும் சார். இல்லேன்னா விமானத்துல ஏத்த மாட்டாங்க."

"நாளன்னிக்குக் கெடப் போற பாலை இன்னிக்குக் குடிக்கக் கூடாதுங்கிற மாதிரி இருக்கு!"

"அதை என்கிட்ட சொல்லி என்ன சார் பிரயோஜனம்? அவசரப் பிரிவுல போட்டுப் புதுசு வாங்கிடுங்க."

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போனார். கவுன்டரில் இருந்த பெண் காகிதங்களைச் சரிபார்த்து, மனைவியின் பத்து விரல்களையும் கருவியில் பதியவைத்து, "மூணு வேலை நாள்ல ஆயிடும்மா" என்றாள். அதற்கு மேலும் ஏதோ சொன்னாள். நம்மவர் காது அதோடு மூடிக்கொண்டது. மூன்று என்ற எண் கிடைத்துவிட்டது அல்லவா, இனி கணக்குப் போட அவருக்கு இன்னொருவர் வேண்டுமா? புதன், வியாழன், வெள்ளி. சனிக்கிழமை தபாலில் போடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை கைக்கு வரும். விரல் விட்டு எண்ணிக்கொண்டே டிக்கெட் போடுகிறவரிடம் போய், திங்கட்கிழமை விமானத்தில் இடம் போட்டார். அந்த நாட்டுக்கு வாரத்தில் இரண்டே விமானம்: திங்கள் ஒன்று, புதன் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து வாசலில் நின்றார். பத்தாயிற்று, பதினொன்றாயிற்று. மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரைங்க பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"போஸ்ட்மேனை."

"ஞாயித்துக்கிழமையா?"

அவருக்கு உண்மையிலேயே அது தோன்றவில்லை. சிரிக்காதீர்கள். இருபத்திரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு முதுகு ஒடிகிற நாள். சிறப்பு பஸ், கூடுதல் பஸ் என்று மூச்சு விட நேரம் இருக்காது. ஞாயிறு வேலை நாள் இல்லை என்று அவரிடம் சொன்னால், சூரியன் மேற்கே போய் உதித்துவிட்டது என்று சொன்ன மாதிரி. அன்றைக்கும் ஷிப்டை இன்னொருவருக்கு மாற்றிவிட்டுத்தான் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பாஸ்போர்ட் ஆபீஸ் திறக்கும்போதே கவுன்டர் முன்னால் நின்றார். அதே பெண். பாவம், பொறுமைசாலி. வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் இதே மூஞ்சியோடுதான் வருவார்கள் போலிருக்கிறது.

"சார், அன்னிக்கே சொன்னேன். நீங்க கொடுத்த நாள் கணக்குல வராது. மறுநாள்லேருந்துதான் ஒண்ணு. வியாழன் ஒண்ணு, வெள்ளி ரெண்டு. சனி, ஞாயிறு எங்களுக்கு லீவு. இன்னிக்கு மூணு. சாயங்காலம் அச்சாகும். நாளைக்குத் தபால்ல போகும். தபாலுக்கு ஆகிற நாள் எங்க மூணு நாள்ல சேராது, அது தனி."

"வேலை நாள்னா வேலை நாள்தானேம்மா? எனக்கு நேத்திக்குக்கூட வேலை நாள்தான்!"

"வேலை நாள்னா நாங்க வேலை செய்யற நாள் சார். நீங்க வேலை செய்யற நாள் இல்ல."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நம்மவருக்கு முகம் சுண்டிவிட்டது. "சரிம்மா, நாளைக்கு நானே வந்து கையில வாங்கிக்கிறேனே?" என்று குழைந்தார். அது முடியாதாம். சொன்ன விலாசத்தில் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதற்காகத்தான் தபாலில் அனுப்புவதே. உரியவர் அடையாளம் காட்டி அந்த ஊர்த் தபால் நிலையத்திலோ வீட்டிலோதான் வாங்க வேண்டுமாம். ஆனால் கவலைப்பட வேண்டாம், செவ்வாய் அனுப்பினால் புதன்கிழமை போய்ச் சேர்ந்துவிடும் என்றாள்.

டிக்கெட் போடுகிறவர் கெஞ்சிக் கூத்தாடி இடத்தைப் புதன்கிழமை இரவு ஒன்பது மணி விமானத்துக்கு மாற்றிக் கொடுத்தார். "இதை விட்டா அடுத்த திங்கள்தான் சார்" என்றார். அடுத்த திங்கள் போய் என்ன செய்வது? வெள்ளிக்கிழமை ஆபரேஷன் முடிந்து, மகள் தனியாகப் பயந்து, தனியாக அழுது எல்லாம் ஓய்ந்திருக்கும்.

அவர்கள் வீடு இருந்தது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், ஒரு சின்ன ஊரில். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து மூன்றரைக்கு ஊரில் இறங்கியவர், உடுப்பைக்கூட மாற்றாமல் நேரே தபால் நிலையத்துக்குப் போனார். போஸ்ட் மாஸ்டர் அம்மா அந்த ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ரசீதில் இருந்த எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"அனுப்பிட்டாங்க. நாளைக்கு மத்தியானப் பையில இருக்கும். ஆனா உங்க கைக்கு வியாழக்கிழமைதான் வரும்."

"மத்தியானப் பைன்னா மத்தியானம்தானே வரணும்?"

"வரணும். வராது." அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வெகு நாளாக மனதில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்த விஷயம் போலிருக்கிறது. "நம்ம ஊருக்குப் பை ஏத்துற பஸ் ரெண்டே ரெண்டு. காலையில ஆறரை, மத்தியானம் ஒண்ணு நாற்பது. டவுன்ல தபால் பிரிச்சுக் கட்டி வேன்ல ஏத்தி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு வர ஒண்ணு நாற்பத்து மூணு ஆயிடுது. மூணே நிமிஷம் சார்! தினம் அந்த மூணு நிமிஷத்துல பஸ் போயிடுது. பை ராத்திரி அங்கேயே தூங்கிட்டு மறுநாள் காலையில வருது. இந்த ஊருக்கு எல்லாத் தபாலும் ஒரு நாள் லேட்டு."

அது அவருக்கு நன்றாகத் தெரியும். தபால் தாமதமாகிறது என்று மூன்று புகார்க் கடிதம் எழுதிப் போட்டவரே அவர்தான்.

"கொஞ்சம் நிறுத்தி அனுப்பச் சொல்லக் கூடாதாம்மா?"

"சொல்லாம இருப்பாங்களா? அங்க ஒரு டைம் கீப்பர் இருக்காராம். மகா முரடாம். வேன் டிரைவர் பையைத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றதைப் பார்த்துக்கிட்டே விசில் அடிப்பாராம். எனக்கு முன்னால இருந்தவர் அந்த பஸ்ஸை ஒண்ணு ஐம்பதுக்கு மாத்தித் தரச் சொல்லி எழுதியே கேட்டிருக்கார். 'அவசியமில்லை'ன்னு ஒத்தை வார்த்தையில பதில் வந்திருக்கு. ஃபைல்ல இருக்கு, காட்டட்டுமா?"

வேண்டாம். அந்த ஒற்றை வார்த்தையை எந்தப் பேனாவால் எழுதினோம் என்பதுகூட நம்மவருக்கு ஞாபகம் இருந்தது. நேரத்தை மாற்றக் கேட்டதைப் பார்த்தாரே தவிர, காரணத்தை அன்றைக்குப் படிக்கவே இல்லை. தினமும் ஒன்று நாற்பத்து மூன்றுக்கு மூச்சிரைக்க ஓடி வந்து, போகிற பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்துக் கையை உதறுகிற அந்த ஒல்லி ஆசாமியை, பஸ்ஸைத் தவறவிடுவதே பிழைப்பாகக் கொண்ட யாரோ பயணி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். சட்டையில் குத்தியிருந்த 'டைம் கீப்பர்' வில்லையை மெல்லக் கழற்றிப் பைக்குள் போட்டார். அந்த அம்மாவின் கண்ணும் கூடவே போய்ப் பைக்குள் இறங்கிற்று.

"நீங்களா சார்?" என்றார்.

"நாந்தாம்மா" என்று அசடு வழிந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். மறைத்து வைக்கிற சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. அவள் முதலில் சிரித்தாள். மடித்துக்கொண்டிருந்த புடவையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஊரையே ஒரு நாள் லேட்டாக்கி வச்சிருக்கீங்களே, நீங்க மனுஷனா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தாள். அப்புறம் சிரிப்பு தானாக அடங்கிற்று.

"நாளைக்கு நிறுத்துவீங்களாங்க?"

"அதெப்படி... நாற்பது பேர் உட்கார்ந்திருப்பாங்க. சொந்த வேலைக்கு நிறுத்தினா நாளைக்கு எவனை நான் கேள்வி கேட்கிறது?"

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். புடவையை மடித்துப் பெட்டியில் வைத்து மூடினாள். "பெட்டி ரெடியா இருக்கு. கார் சொல்லியாச்சு. மத்ததை நீங்க பார்த்துக்கோங்க" என்று மட்டும் சொன்னாள். நம்மவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதன்கிழமை. ஒன்று முப்பத்தெட்டு. ஊருக்குப் போகிற பஸ் நிறைந்து நின்றது. அக்காவை வழியனுப்ப மைத்துனனும் அதில்தான் உட்கார்ந்திருந்தான். கோபம் தீர்ந்துவிட்டது, ஆனாலும் ஜன்னல் வழியாக மாமாவைப் பார்க்கிற பார்வையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டிரைவர் என்ஜினைப் போட்டுவிட்டார். கண்டக்டர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கூண்டைப் பார்த்தார்.

ஒன்று நாற்பது. விசில் வரவில்லை.

கண்டக்டர் தன் கடிகாரத்தைப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார், பஸ் ஸ்டாண்டின் பெரிய கடிகாரத்தையும் பார்த்தார். நம்மவர் கூண்டுக்குள் மயக்கம் போட்டு விழுந்துவிட்டார் என்றே நினைத்து ஓடி வந்தார்.

"சார்! உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. மூணு நிமிஷம் நில்லு" என்றார்.

மூன்று நிமிஷமும் ஆயிற்று. வேனைக் காணோம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு நாள் பஸ் நிற்கிறது, அன்றைக்குப் பார்த்து வேன் வரவில்லை. ஒன்று நாற்பத்தைந்து. பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு கிளம்பிற்று. ஒன்று நாற்பத்தெட்டு. முணுமுணுப்பு கூச்சலாயிற்று. "என்னய்யா, நிமிஷம் செத்துப் போச்சா?" என்று பின் வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். "மாமா! அன்னிக்கு நான் படி வரைக்கும் வந்துட்டேன், ஞாபகம் இருக்கா?" என்று மைத்துனனும் தன் பங்குக்கு விட்டான்.

விசில் உதட்டுக்குப் போயிற்று, திரும்பிற்று. 'அந்த ஒருத்தர் இல்ல' என்று மகள் விசும்பியது காதில் கேட்டது. கூண்டை விட்டு இறங்கினார். நேரே போய் பஸ் படியில் ஏறி நின்றார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. தபால் வேனுக்காக நிறுத்தியிருக்கேன். என் வீட்டம்மாவோட பாஸ்போர்ட் அதுல வருது. நாளன்னிக்கு வெளிநாட்டுல என் பொண்ணுக்குப் பிரசவ ஆபரேஷன். மாப்பிள்ளை கப்பல்ல இருக்கார். பக்கத்துல ஒரு ஆள் கிடையாது. இந்த பஸ்ல பை ஏறலேன்னா வீட்டம்மாவால போக முடியாது." படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "உங்கள்ல பாதிப் பேரை நானே வெயில்ல விட்டுட்டு பஸ்ஸை அனுப்பியிருக்கேன். என்னை நல்லாத் திட்டிக்கோங்க. ஆனா பஸ் நிக்கட்டும்."

முன் வரிசையில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "ஆணா, பொண்ணா?" என்று கேட்டாள்.

"இன்னும் பொறக்கலைங்க."

பஸ்ஸே சிரித்தது. "அட, இதை முதல்லயே சொல்றதுக்கு என்னய்யா? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார் பின் வரிசைக்காரர். டிரைவர் சாவியைத் திருகி என்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்மேல் சாய்ந்துகொண்டார். மைத்துனனுக்கு முகம் தொங்கிவிட்டது. "சாரி மாமா. அக்கா பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரலேன்னு எனக்குத் தெரியாது. பஸ் எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கட்டும், நான் பார்த்துக்கிறேன்" என்று என்னவோ உளறினான்.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு வேன் வந்தது. வழியில் டயர் காற்றுப் போய்விட்டதாம். ஒல்லி டிரைவர் வழக்கம்போலப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தலைதெறிக்க ஓடி வந்தார். பஸ் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் மனிதர் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை நாளாகத் துரத்தித்தான் பழக்கம்; பஸ் கையில் கிடைத்துவிட்டால் பையை எங்கே வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. "ஏறுய்யா! கொண்டாய்யா!" என்று நாற்பது பேரும் கத்தினார்கள். கூடைக்கார அம்மாள் தன் காலடியில் இடம் ஒதுக்கிப் பையை வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஒன்று ஐம்பத்து நாலுக்கு நம்மவர் விசில் அடித்தார். அவர் ஷிப்ட் இரண்டு மணியோடு முடிகிறது. அதே பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஆறு நிமிஷம் முன்னால் வேலையை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. அதற்கு மேல் அந்த மனிதரைத் திருத்த யாராலும் முடியாது. ஏட்டில் 'பதினான்கு நிமிடம் தாமதம்' என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் தன் சொந்தக் காரணத்தை உள்ளது உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்திலேயே இன்னொரு தாளை எடுத்து, இந்த பஸ்ஸை இனி ஒன்று ஐம்பதுக்கு மாற்ற வேண்டும் என்றும், 'அவசியமில்லை' என்று தான் முன்பு எழுதியது தவறு என்றும் மேலதிகாரிக்கு எழுதினார். மேலதிகாரி மறுநாள் கூப்பிட்டு ஒரு மெமோவைக் கையில் கொடுத்தார், நேரத்தையும் மாற்றிக் கொடுத்தார்.

ஊரில் போஸ்ட் மாஸ்டர் அம்மா பை வந்த கையோடு பிரித்திருக்கிறார். நாலு மணி சுமாருக்கு, விமான நிலையத்துக்குப் போகிற கார் பஸ் ஸ்டாண்டு வாசலைக் கடந்தது. ரோட்டோரத்தில் நம்மவர் நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் வழியாக மனைவி புதுப் பாஸ்போர்ட்டை ஆட்டிக் காட்டினாள். "அடுப்பை மறக்காம அணைங்க!" என்று கத்தினாள். கார் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பகல் கூண்டுக்குள் போன் அடித்தது.

"பொண்ணு பொறந்திருக்குங்க! தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க" என்றாள் மனைவி.

"அப்பாடா!" என்றவர், கை போன போக்கில் பேனாவை எடுத்துவிட்டார். "எத்தனை மணிக்குப் பொறந்துச்சு?"

"தெரியலைங்க."

"தெரியலையா? அந்த ரூம்ல கடிகாரம் இல்லையா?"

"பெரிசா ஒண்ணு மாட்டியிருந்துச்சு. அதைப் பார்க்க எனக்கு ஏது கண்ணு? இவ மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தேன்."

போன் கை மாறிற்று. "அப்பா" என்றாள் மகள். குரல் சோர்ந்திருந்தது, ஆனால் சிரித்தது. "அம்மா என் கையை விடவே இல்லப்பா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே ஒரு பஸ் கிளம்பத் தயாராக நின்றது. கண்டக்டர் விசிலுக்காகக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். நம்மவர் விசிலை வாயில் வைத்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் காற்றுதான் போயிற்று, சத்தம் வரவில்லை. போகலாம் என்று கையைக் காட்டிவிட்டு, மகள் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.